வயிறு நிறைந்தால் போதுமா?

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்று ஒரு பொருள் தமிழில் உண்டு. அச்செல்வம் வளர்வதும் தேய்வதும் தொழுவத்தில் இடும் தீனியைப் பொறுத்தவை. பிழைப்பை நாடி மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மவருள் பலர், ஊரில் உள்ள பெற்றோருக்கோ தமையனுக்கோ ஒரு கறவைப் பசு வாங்கிக் கொடுக்கப் பணம் அனுப்புவதுண்டு. வந்த ஊரிலேயே இடம் தேடி இரண்டொரு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்போரும் உளர். இவ்விரு சாராரும் அடிக்கடி சொல்லக் கேட்கும் குறை ஒன்றே. முதல் ஈற்றில் நாளொன்றுக்கு 10 லிட்டர் கறந்த பசு, பின்னர்ப் பருவத்துக்கு வருவதில்லை. வந்தாலும் சினை பிடிப்பதில்லை. பால் வற்றிவிடுகிறது. வெறுமனே நிற்கும் மாட்டுக்கு எத்தனை நாள்தான் தீனி போடுவது என்று, வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். ராசியில்லாத மாடு என்ற பழியும் அதனோடு போகிறது.

"வயிறு நிறையத்தானே போட்டோம்?" என்று வீட்டார் கேட்பார்கள். அது மெய்தான். ஆயினும் வயிறு நிறைவது வேறு, உடல் ஊட்டம் பெறுவது வேறு. வைக்கோலால் வயிறு புடைத்து நிற்கும் பசு, அதே வேளையில் பட்டினியும் கிடக்கலாம். இது எவ்வாறு நேர்கிறது என்பதையும், இதைத் தவிர்க்கும் வழி யாது என்பதையும் இங்கே சிறிது விரிவாகக் காண்போம்.

பாலோடு போவது

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர். எஞ்சியவற்றுள் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம் புரதம், 40 கிராம் கொழுப்பு, 47 கிராம் பால் சர்க்கரை, ஒரு கிராமுக்குச் சற்று மிகுதியான சுண்ணாம்புச் சத்து, ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான பாஸ்வரம் ஆகியவை அடங்கும். ஆகவே நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கும் பசுவின் உடலிலிருந்து நாள்தோறும் 330 கிராம் புரதமும் 12 கிராம் சுண்ணாம்புச் சத்தும் வெளியேறுகின்றன.

இனி வரவைப் பார்ப்போம். நெல் வைக்கோலில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே புரதம். 5 கிலோ வைக்கோல் தின்ற பசுவுக்குக் கிடைப்பது அதிகமாகப் போனால் 200 கிராம். அதிலும் செரித்து உடலில் சேர்வது மிகச் சொற்பம். பசு தன் உடலைக் காத்துக்கொள்ள வேண்டிய செலவு தனி. வரவு இவ்வளவு குறைந்திருக்கப் பால் எங்கிருந்து வருகிறது? பசு தன் தசையையும் கொழுப்பையும் எலும்பையும் கரைத்துக் கொடுக்கிறது. முதலை எடுத்துச் செலவழிக்கும் குடும்பத்தின் நிலைதான் அது.

கன்று ஈன்ற பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் பால் உச்சத்தை எட்டுகிறது. பசுவின் தீனி எடுக்கும் ஆற்றலோ அதற்கும் சில வாரங்கள் பிந்தியே உச்சத்தை எட்டும். இடைப்பட்ட நாள்களில் நல்ல தீனி தின்னும் பசுவும் சற்று இளைக்கத்தான் செய்யும். இதே காலத்தில்தான் அது மீண்டும் சினையாகவும் வேண்டும். பசுவின் சினைக் காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், ஈன்ற 85 நாள்களுக்குள் சினை பிடித்தாக வேண்டும். உடல் கரைந்துகொண்டிருக்கும் பசுவிடம் இயற்கை முதலில் நிறுத்திவைப்பது கருத்தரிப்பையே. பால் குறைவதற்கும் எலும்பு தெரிவதற்கும் முன்பே பருவம் தப்பிவிடுகிறது. ஊட்டக் குறைவின் முதல் அடையாளம் மடியில் தெரிவதில்லை. அடுத்த கன்று தள்ளிப்போவதில் தெரிகிறது. அதனால்தான் இக்குறையைத் தீனியோடு சேர்த்து எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான்கு அறைகள்

பசு, எருமை, ஆடு ஆகியவை அசைபோடும் பிராணிகள். இவற்றின் இரைப்பை நான்கு அறைகளாக அமைந்தது. முதல் அறையே மிகப் பெரியது. பெரிய மாட்டில் அது 100 லிட்டர் அளவுக்கும் கொள்ளும். கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. மனிதனால் செரிக்க இயலாத புல்லையும் வைக்கோலையும் அவை புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இவ்வமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. நார் மிகுந்த தீனியிலிருந்து பெரிதும் உண்டாகும் அசெட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. தானியங்களிலிருந்து மிகுதியாக உண்டாகும் புரோப்பியானிக் அமிலம் சர்க்கரையாகிப் பாலின் இனிப்புக்கும் அளவுக்கும் வழி செய்கிறது. மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், முதற்கண் தீனி போடுவது இந்நுண்ணுயிர்களுக்கே.

இந்த ஓர் உண்மையிலிருந்து பல நடைமுறைகள் பிறக்கின்றன. தீனியில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் இல்லாவிடில் நுண்ணுயிர்கள் பெருகமாட்டா. அவை குறைந்தால் வைக்கோல் செரிப்பதும் குறையும். செரியாத வைக்கோல் வயிற்றை அடைத்து நிற்க, மாடு மேலும் தின்னாது. வைக்கோல் குவியலின் நடுவே மாடு பட்டினி கிடக்கும் விந்தை இதுவே.

தீனியைத் திடீரென மாற்றலாகாது என்பதும் இதனால் விளங்கும். புதிய தீனிக்கு ஏற்ப நுண்ணுயிர்கள் பழக இரண்டு வாரங்களேனும் வேண்டும். சோறு, கஞ்சி, மாவு ஆகியவற்றை ஒரே வேளையில் மிகுதியாகத் தின்ற மாட்டின் வயிற்றில் அமிலம் பொங்கி, வயிறு உப்பி, உயிருக்கே இடர் நேர்வதுண்டு. மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் அண்டா அண்டாவாகப் பொங்கலை ஊட்டி, மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. வடநாட்டிலோ முதல் ரொட்டியைப் பசுவுக்கு இடும் வழக்கம் உள்ளது. ஒன்றிரண்டு ரொட்டியால் தீங்கில்லை. திருமணப் பந்தியில் மிஞ்சிய சோற்றைக் கூடை கூடையாகக் கொட்டுவதே தீங்கு, அது புண்ணியமாகாது.

புரதமும் பிண்ணாக்கும்

பிண்ணாக்கு வகைகளே புரதத்துக்கு முதன்மையான ஊற்று. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேலும், எள்ளுப் பிண்ணாக்கில் 35 பங்குக்கு மேலும், தேங்காய்ப் பிண்ணாக்கில் 20 பங்குக்கு மேலும் புரதம் உண்டு. தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமானவை இவையே. நாம் குடியேறிய இடங்களில் நிலைமை வேறு. வங்காளத்திலும் வடநாட்டிலும் கடுகுப் பிண்ணாக்கே மிகுதி. அதில் புரதம் நூற்றுக்கு 33 பங்கு அளவில் இருக்கும். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பருத்திக்கொட்டையும் அதன் பிண்ணாக்கும் மலிவு. வைக்கோலுக்கு ஈடாகப் பஞ்சாபிலும் தில்லிப் பக்கத்திலும் கோதுமை வைக்கோலைத் துணித்துப் 'பூசா' என்றும், மகாராஷ்டிரத்தில் சோளத்தட்டையைக் 'கட்பி' என்றும் இடுகின்றனர். இந்திக்காரரின் தீவனக் கடையில் பிண்ணாக்குக்குக் 'கல்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு இது வியப்பாயிருக்கும். பெயர் எதுவாயினும், அந்தந்த இடத்தில் மலிவாகக் கிடைப்பதைக் கொண்டு புரதக் கணக்கை நிரப்புவதே அறிவுடைமை. ஊர்ப் பழக்கத்தை விடமாட்டேன் என்று இரட்டை விலை கொடுத்துக் கடலைப் பிண்ணாக்கே வாங்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் இங்கே தேவை. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு நஞ்சு. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதன் காரணத்தை ஆராய்ந்தபோதுதான், கடலைப் பிண்ணாக்கில் வளரும் பூஞ்சையின் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. மாடு தின்றால் அதன் ஒரு பகுதி பாலிலும் இறங்கும். ஆகவே பிண்ணாக்கைத் தரையில் போடாது, பலகையின்மேல், காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

பிண்ணாக்குக்கு வசதியற்றவர்கள் வைக்கோலையே ஓரளவு மேம்படுத்திக்கொள்ளலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாது மூடி 21 நாள் வைத்திருந்தால், வைக்கோல் மென்மையாவதோடு அதன் புரத அளவும் ஏறத்தாழ இருமடங்காகும். எடுத்தபின் காற்றாட விட்டு, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலை மாடு நேராகக் குடித்துவிட்டால் உயிர் போய்விடும். ஆதலால் கரைத்த பாத்திரத்தைத் தொழுவத்தில் விட்டுவைக்கலாகாது.

கடுகளவு சத்துகள்

ஆற்றலும் புரதமும் போதிய அளவு இருந்தும் பசு சினை பிடிக்கவில்லையென்றால், அடுத்து நோக்க வேண்டியவை தாதுச் சத்துகள். இவற்றுள் சில கிராம் கணக்கில் வேண்டியவை. சில கடுகினும் சிறிய அளவில் வேண்டியவை. அளவு சிறிதெனினும் ஒன்றின் குறையை மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது.

சுண்ணாம்புச் சத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு பசுவின் இரத்தத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பது சுமார் 3 கிராம் மட்டுமே. கன்று ஈன்ற அன்று 10 லிட்டர் சீம்பால் கறந்தால் 20 கிராமுக்குக் குறையாமல் வெளியேறுகிறது. எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் உடனுக்குடன் ஈடுசெய்ய உடல் தவறுமாயின், பசு தள்ளாடி விழுந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டு கிடக்கும். இதற்குப் 'பால் காய்ச்சல்' என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் உடல் சில்லிட்டிருக்குமேயன்றிக் காய்ச்சல் இராது. மருத்துவர் தக்க வேளையில் சுண்ணாம்புச் சத்தை நரம்பின் வழியே செலுத்தினால் அப்பசு எழுந்து நிற்பதைக் காணலாம். தாமதித்தால் இழக்க நேரும்.

நெல் வைக்கோலைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்லவேண்டும். அதிலுள்ள ஆக்சலேட்டு என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது தடுக்கிறது. தவிட்டில் பாஸ்வரம் மிகுதி. சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆகவே வைக்கோலும் தவிடும் மட்டுமே தின்னும் மாட்டுக்குச் சுண்ணாம்புப் பற்றாக்குறை இயல்பாகவே வந்துசேரும். அகத்தி, வேலிமசால், குதிரைமசால், வடநாட்டுப் பர்சீம் ஆகிய பயறுவகைத் தீவனங்கள் இக்குறையைப் போக்கும். இதற்கு மாறாக, தவிடும் பிண்ணாக்கும் காணாமல் வறண்ட புல்லையே மேயும் மாட்டுக்குப் பாஸ்வரம் குறையும். அத்தகைய மாடு எலும்பையும் துணியையும் கயிற்றையும் சுவரையும் நக்கும், மெல்லும். அதைக் கெட்ட பழக்கமென்று அடித்து விரட்டுவது அறியாமை. ஊட்டம் வேண்டி அது விடுக்கும் முறையீடு அது.

இனிக் கடுகினும் சிறிய கணக்கு. ஆஸ்திரேலியாவின் தென் கடற்கரையில் பச்சைப்புல் செழித்திருந்தும் அதை மேய்ந்த ஆடுகள் வற்றி மாண்டன. நெடுநாள் புதிராயிருந்த இதற்கு விடை 1935இல் கிடைத்தது: அம்மண்ணில் கோபால்ட் என்னும் உலோகம் இல்லை. 1948இல் பி-12 என்னும் வைட்டமினைப் பிரித்தெடுத்தபோது காரணமும் துலங்கியது. அவ்வைட்டமினின் நடுவே கோபால்ட் அமைந்திருக்கிறது. இரைப்பையின் நுண்ணுயிர்கள் அவ்வைட்டமினைத் தாமே செய்துகொள்ளும். ஆனால் கோபால்ட் கிடைத்தால்தான் செய்ய இயலும். ஒரு பசுவுக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட அதைவிட மிகுதி.

செம்பு குறைந்தால் ரோமம் நிறம் வெளுக்கும், சோகை காணும், கருத்தரிப்புத் தடைப்படும். துத்தநாகம் குறைந்தால் தோல் தடித்துக் குளம்பு கெடும். அயோடின் குறைந்தால் கன்றும் குட்டியும் கழுத்து வீங்கிப் பிறக்கும். இமயமலை அடிவாரப் பகுதிகளில் இக்குறை நெடுங்காலமாக அறியப்பட்டது. கடுகுப் பிண்ணாக்கை மிகுதியாகப் போடும் இடங்களில் அயோடினின் தேவை கூடும் என்பதையும் வடநாட்டில் மாடு வைத்திருப்போர் நினைவிற்கொள்க. மண்ணுக்கு மண் குறை வேறுபடுவதால், அந்தந்த வட்டாரத்துக்கென்றே தாது உப்புக் கலவைகள் இப்போது தயாரிக்கப்படுகின்றன. எவ்வூரில் மாடு இருக்கிறதோ அவ்வூருக்கு ஏற்ற கலவையை வாங்குவதே முறை.

பச்சையும் வெயிலும் நீரும்

வைட்டமின்களுள் பி வகையை நுண்ணுயிர்கள் ஆக்கிக்கொடுக்கின்றன. சி வைட்டமினை மாட்டின் உடலே செய்துகொள்கிறது. வெளியிலிருந்து வரவேண்டியவற்றுள் ஏ முதன்மையானது. பச்சைத் தழையிலுள்ள கரோட்டின் என்னும் மஞ்சள் நிறப் பொருளே இதற்கு மூலம். பசு இதில் ஒரு பகுதியை மாற்றாமலே பாலில் விடுவதால் பசும்பாலும் அதன் நெய்யும் மஞ்சள் நிறம் பெறுகின்றன. எருமை ஏறத்தாழ முழுவதையும் வைட்டமினாக மாற்றிவிடுவதால் எருமைப்பால் வெளுத்திருக்கிறது. நாள்பட்ட வைக்கோலில் கரோட்டின் அறவே இராது. பல மாதங்கள் பச்சையைக் காணாத சினைமாட்டுக்குப் பார்வையற்ற கன்று பிறத்தலும், நஞ்சுக்கொடி விழாது தங்குதலும் நேரக்கூடும். நாளொன்றுக்கு நாலைந்து கிலோ பசுந்தழை கிடைத்தாலும் இவ்விடரைத் தடுக்கலாம். டி வைட்டமினுக்குக் காசு வேண்டியதில்லை, வெயில் போதும். நகரத்து இருட்டுக் கொட்டிலில் கட்டியே வைத்திருக்கும் மாட்டுக்கு அந்த வெயிலும் கிட்டாமற் போகிறது.

நீரை எவரும் ஊட்டமென்று கருதுவதில்லை. ஆனால் பாலின் பெரும்பகுதி நீரே. ஒரு லிட்டர் பாலுக்கு நான்கைந்து லிட்டர் நீர் உடலின் தேவைக்கு மேல் வேண்டும். காலையும் மாலையும் மட்டும் தண்ணீர் காட்டும் வழக்கத்தை விட்டு, எந்நேரமும் தொட்டியில் நல்ல நீர் இருக்கச் செய்தால் செலவின்றியே பால் கூடும்.

ஒரு நாள் தீனி

மேற்கூறியவற்றை ஒரு பசுவுக்குப் பொருத்திக் காண்போம். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு 10 லிட்டர் கறப்பதாகக் கொள்வோம். நீர் நீங்கிய கணக்கில் அது நாளொன்றுக்கு 11 கிலோ அளவு தின்னும். இதற்குப் பசுந்தீவனம் 15 கிலோ, வைக்கோல் அல்லது பூசா 4 கிலோ, அடர்தீவனம் 5 கிலோ என்று வகுக்கலாம். அடர்தீவனத்துக்கு எளிய விதி ஒன்றுண்டு: உடலைக் காக்க ஒன்றேகால் கிலோ, அதற்குமேல் பசுவாயின் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, எருமையாயின் இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ. நல்ல பயறுவகைப் பசுந்தீவனம் தாராளமாகக் கிடைத்தால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். சினையின் கடைசி இரண்டு மாதங்களில் பால் இல்லையென்று தீனியைக் குறைப்பது பெருந்தவறு. வயிற்றுக் கன்று விரைந்து வளரும் காலம் அதுவே. அப்போது ஒன்றரைக் கிலோ அளவு கூட்டியே கொடுக்க வேண்டும்.

அடர்தீவனத்தை வீட்டிலேயே கலந்துகொள்ள விரும்புவோர், 100 கிலோவுக்குச் சோளம், கம்பு, மக்காச்சோளம் ஆகிய தானியங்களின் குருணை 35 கிலோ, பிண்ணாக்கு வகை 30 கிலோ, தவிடு வகை 32 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சமையல் உப்பு 1 கிலோ என்று சேர்க்கலாம். அடர்தீவனம் கொடுக்க வசதியற்றவரும் தாது உப்புக் கலவையை மட்டும் விடலாகாது. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அளவிலேனும், பால் கூடக் கூட அதற்கேற்பவும், பொட்டலத்தில் குறித்துள்ளபடி கொடுத்துவரலாம். அதன் செலவு ஒரு லிட்டர் பாலின் விலையில் சிறு பகுதியே.

ஆனந்தின் பாடம்

நல்ல தீனி வசதியுள்ளவர்க்கே உரியது என்று எண்ண வேண்டாம். குஜராத்தின் கேடா மாவட்டத்து உழவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு எருமைகளே உடையவர்கள். 1946இல் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கமே அமுல் என்று பெயர் பெற்றது. பால் விற்றால் மட்டும் போதாது, மாட்டுக்கு ஊட்டமும் கிடைக்க வேண்டுமென்று உணர்ந்து அவர்கள் கஞ்சரியில் சொந்தமாகத் தீவன ஆலை ஒன்றை நிறுவினர். 1964 அக்டோபரில் அதைத் திறந்துவைக்க வந்தவர் அப்போதைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. முன்னாள் இரவு ஒரு சிற்றூரில் உழவர்களோடு தங்கி, அவர்கள் மாடு வளர்க்கும் முறையைக் கேட்டறிந்தார். அதன் பயனாக 1965இல் தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் பிறந்தது. அதன் தலைமையை ஏற்ற வர்கீஸ் குரியன் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் படித்தவர். பிழைப்பின் பொருட்டு 1949இல் தொலைவான ஊருக்குப் போய், அவ்வூரையே தம் ஊராக்கிக்கொண்டவர். பால் வாங்கும் சங்கமே தீவனத்தையும் தாது உப்பையும் உறுப்பினருக்கு விற்கும் முறை இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது.

அறிவுரைக்கும் பஞ்சமில்லை. வடக்கே கர்னாலில் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையமும், இசத்நகரில் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையமும், தெற்கே பெங்களூரில் விலங்கு ஊட்டவியல் நிலையமும் உள்ளன. தமிழ்நாட்டில் 1989இல் தோன்றிய கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் மண்ணுக்கேற்ற தாது உப்புக் கலவையைத் தயாரித்து அளிக்கிறது. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள்.

ஊருக்குப் பசு வாங்கப் பணம் அனுப்புவோருக்கு முடிவாக ஒன்று கூறுவோம். பசுவின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். முதல் ஆறு மாதத் தீவனத்துக்கும் தாது உப்புக்கும் சேர்த்தே அனுப்புங்கள். வேலியோரத்தில் பத்து அகத்தி நடச் சொல்லுங்கள். தொலைபேசியில் பேசும்போது, இன்று எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்பதோடு நில்லாமல், இன்று என்ன தின்றது, எப்போது பருவத்துக்கு வந்தது என்றும் கேளுங்கள். அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கும் வீட்டில் பசு நிலைக்கும்.